முதல் கூட்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

எங்கள் ஊருணிக் குழுவின் கையில் இப்போது 18,000 ரூபாய் இருக்கிறது. பங்குனி முடிவதற்குள் காலநிலை மாற்றம் பற்றி ஊருக்கு ஒரு கூட்டம் போடுவது என்று முடிவாகிவிட்டது. யாரைக் கூப்பிடுவது என்பதுதான் மூன்று வாரமாக இழுத்துக்கொண்டே போகிறது. பந்தல் செலவு இல்லை, கோயில் முன்மண்டபமே போதும். ஆனால் மைக்செட், டீ, வடை, வருகிறவருக்குக் கார் வாடகை, ஒரு வேளைச் சாப்பாடு எல்லாம் போக ஒருவரைத்தான் நன்றாகக் கவனித்து அனுப்ப முடியும், இழுத்துப் பிடித்தால் இரண்டு பேர். பட்டியலிலோ ஆறு பேர் இருக்கிறார்கள், ஆறு பேருக்கும் குழுவில் ஆளுக்கொருவர் பரிந்து பேசுகிறார்கள். எல்லாரிடமும் போனிலும் நேரிலும் பேசிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். காரைக்குடியைச் சுற்றியுள்ள மற்ற ஊர்களிலும் இதே பேச்சு ஓடுகிறது என்று தெரியும், அவர்களுக்கும் உதவட்டும்.

முதலில், போன தடவை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முடிவு அங்கிருந்துதான் வருகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து காலநிலை ஆராய்ச்சியாளர் ஒருவரை அழைத்திருந்தோம். இரண்டு தூணுக்கு நடுவில் வெள்ளை வேட்டியைக் கட்டி, அதில் படம் காட்டினார். சிவப்புக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஏறிக்கொண்டே போனது. ஐம்பது நிமிஷம் பேசினார், சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. முடிந்ததும் கீழத்தெரு அப்பத்தா ஒருவர் எழுந்து, "தம்பி, எங்க ஊருணி எந்த வருஷம் நெறையும்னு அந்தக் கோடு சொல்லுமா?" என்று கேட்டார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது என் துறை இல்லைம்மா" என்றார். உண்மையான பதில்தான். ஆனால் அப்பத்தா தன் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு கிளம்ப, அவர் பின்னாலேயே பதினைந்து பேர் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் இந்தப் பேச்சை ஊரில் எடுக்கவே முடியவில்லை.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆறு வருஷமாக ஊருணியைத் தூர்வாரி, வரத்துக்காலைத் தேடித்தேடிச் சுத்தம் செய்துகொண்டிருக்கிற ஊர் இது. அந்த ஊரின் கேள்வி என்ன என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லாமல் தனியாக மேடையேற்றிவிட்டது எங்கள் குழுதான். அதனால் இந்தத் தடவை நான் பார்ப்பது இதைத்தான்: வருகிறவருடைய அறிவு, இந்த வருஷம் நம் ஜனங்கள் எடுக்கப்போகிற ஏதாவது ஒரு முடிவைத் தொடுகிறதா, "தெரியாது" என்று சொல்ல வேண்டி வந்தால் யாரிடம் கேட்கலாம் என்றும் சேர்த்துச் சொல்வாரா, கூட்டம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் போன் செய்தால் எடுப்பாரா.

வானிலைக்காரரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் குழுவில் பாதிப் பேர் அவர் பக்கம். அதில் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அறிவியல் துறையிலிருந்து வந்து வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர் ஒன்று உண்டென்றால் அது எஸ்.ஆர்.ரமணன். சென்னை வானிலை மையத்திலிருந்து அவர் டிவியில் பேசத் தொடங்கினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் கடைக்காரர் வரை நின்று கேட்டார்கள். எளிய தமிழ், அவசரமில்லாத குரல், "பெய்யக்கூடும்" என்பதைப் "பெய்யும்" என்று ஆக்காத நேர்மை. இன்றைக்குத் தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போடுகிற பதிவை எங்கள் ஊர் டிராக்டர்காரர்கள்கூடப் படித்துவிட்டுத்தான் உழவுக்குத் தேதி சொல்கிறார்கள். ஆக, கேட்க ஜனம் தயாராக இருக்கிறது.

சிக்கல் எங்கே என்றால், நாளைக்கு மழையா என்பது வேறு, முப்பது வருஷத்தில் மழை எப்படி மாறியது என்பது வேறு. இதை எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரே வரியில் புரியவைத்தார். அவர் மலேயாவில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதிய குடும்பம். "வானிலைங்கிறது அன்னாடச் சிட்டை, காலநிலைங்கிறது முப்பது வருஷப் பேரேடு. ஒரு நாள் சிட்டையப் பாத்து லாப நட்டம் சொல்ல முடியுமா?" என்றார். வருகிறவர் யாராக இருந்தாலும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தப் பேரேட்டைப் புரட்டினால் நம் பக்கத்துச் சங்கதி நிறையவே இருக்கிறது. தமிழ்நாட்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில் வருவது. 2016-இல் அந்தப் பருவம் 60 சதவீதத்துக்கு மேல் பொய்த்து, மாநிலம் முழுக்க வறட்சி அறிவிக்க வேண்டி வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டையை உழுதுவிட்டுப் போனது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, அது நமக்கு ஒரு வருஷத்துக்குப் பெய்கிற மழை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும், அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது என்று வானிலைக்காரர் விளக்கினால், போன வருஷம் கார்த்திகையில் ஒரே ராத்திரியில் ஊருணி நிறைந்து கரை உடைந்தது ஏன் என்று ஜனங்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு மழையை மட்டும் காட்டி இதுதான் காலநிலை மாற்றம் என்று அடித்துச் சொல்லாத ஆளாகவும் இருக்க வேண்டும். ஆனால் பங்குனி வெயிலில் மழையைப் பற்றிக் கூட்டம் போட்டால் யாருக்கும் ஒட்டாது. அவருக்கு உரிய மாதம் புரட்டாசி.

அடுத்தது டாக்டர். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற டாக்டரம்மாவைக் குழுவில் ஒருவர்தான் முன்மொழிந்தார், மற்றவர்கள் "அவங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், போன வாரம் அங்கே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கும் வரை. நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் நாலு பேர் தலைவலி, கிறுகிறுப்பு என்று வந்திருந்தார்கள். டாக்டரம்மா மாத்திரை எழுதுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "காலையிலேர்ந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனீங்க, என்ன நிறம்?" ஒருவர் தயங்கித் தயங்கி, வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க மறைவு இல்லை, அதனால் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதில்லை என்றார். மற்ற மூவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இதை எந்த வரைபடமும் எனக்குச் சொன்னதில்லை.

நம் பக்கத்துக்கு இன்னொரு தனிக் கவலையும் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில். எட்டுக்கட்டு வீட்டில் ஓர் ஆச்சி மட்டும், அல்லது ஐயாவும் ஆச்சியும் மட்டும், கூட வேலைக்கு வருகிற அம்மா சாயங்காலம் போய்விடுவார். வயதானால் தாகம் குறையும், வியர்ப்பதும் குறையும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற நீர் மாத்திரை உடம்பில் இருக்கிற தண்ணீரையும் இறக்கும். பகல் சூட்டைவிட, ராத்திரியும் இறங்காத சூடுதான் அவர்களை அதிகம் வாட்டுகிறது, உடம்புக்கு ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. வெயிலில் இருந்தவர் உளற ஆரம்பித்தால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால், அது மயக்கமல்ல, வெப்பவாதம். 108-க்குப் போன் போட்டுவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. இதெல்லாம் அவர் எனக்கு அந்த ஒரு மணி நேரத்தில், நடு நடுவே நோயாளி பார்த்துக்கொண்டே சொன்னது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது, வெயிலுக்குப் பலியானால் நிவாரணமும் உண்டு என்பது எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம்பிக்கை என்று வந்தால் டாக்டர்களுக்கு நிகர் யாருமில்லை. யாரை நம்புவீர்கள் என்று ஜனங்களிடம் கேட்கிற கணக்கெடுப்புகளில் பல நாடுகளில் டாக்டரும் நர்ஸும்தான் முன்னால் வருகிறார்கள், நம் ஊரிலும் அதுதான் நிலைமை. ஆனால் ஒரு குறை. டாக்டர்கள் அறிவுரையோடு நின்றுவிடுவார்கள், மோர் குடி, குடை பிடி, பதினொரு மணிக்கு மேல் வெளியே போகாதே என்று. வெயில் ஏன் வருஷா வருஷம் இப்படி ஏறுகிறது என்பதைச் சொல்லாவிட்டால் இது வெறும் கோடைக்கால மருத்துவ முகாமாகிப் போகும். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரித்து எரித்துத்தான் உலகம் 150 வருஷத்துக்கு முன்பிருந்ததைவிட ஒரு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது, 2024-இல் அந்த ஒரு வருஷத்துச் சராசரி ஒன்றரை டிகிரியைத் தாண்டியது என்று அவரே தன் வாயால் ஐந்து நிமிஷம் சொல்ல வேண்டும். கேட்டுப் பார்த்தேன். "படிச்சுட்டு வர்றேன், தப்பா எதையும் சொல்லிடக் கூடாது" என்றார். எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்திருந்தது.

வேளாண் விஞ்ஞானி விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். செட்டிநாட்டிலேயே மானாவாரி வேளாண்மைக்கு ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கார் வாடகைகூட மிச்சம். வானம் பார்த்த பூமியில் புழுதி விதைப்பு போட்டுவிட்டு ஐப்பசிக்குக் காத்திருக்கிறவர்களுக்கு இவரைவிட நெருக்கமான நிபுணர் கிடையாது. ராத்திரிச் சூடு நெல்லையும் விடுவதில்லை: பருவகாலத்தில் ராத்திரி வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் விளைச்சல் 10 சதவீதம் இறங்குகிறது என்று பிலிப்பைன்சில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்து வயல் கணக்கை வைத்து 2004-இலேயே எழுதிவிட்டார்கள். ஆச்சிக்குத் தூக்கம் வராத அதே ராத்திரி நெல்லுக்கும் ஆகாது என்றால் எங்கள் ஊரில் அது யாருக்கும் மறக்காது.

ஆனால் இவரைத் தனியாக மேடையேற்ற எனக்கு மனமில்லை. கண்மாய் மடை திறக்கிற எங்கள் நீர்ப்பாய்ச்சி அண்ணனைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். எந்த மழைக்கு எந்தக் கலுங்கில் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும், வரத்துக்காலில் எந்த இடத்தில் சீமைக் கருவேலம் அடைத்திருக்கிறது, அப்பா காலத்தில் தண்ணீர் கார்த்திகையில் எந்தக் கல் வரை நின்றது, இப்போது எந்தக் கல் வரை நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அந்தக் கற்களைப் படி படியாகக் கைகாட்டிச் சொல்கிறார், நான் கூடப் போய்ப் பார்த்தேன். விஞ்ஞானி பயிர் ரகத்தைப் பற்றிப் பேச, இவர் தண்ணீரைப் பற்றிப் பேச, ஒருவர் விட்டதை மற்றவர் பிடித்தால் அப்பத்தாவின் கேள்விக்குப் பாதிப் பதிலாவது வந்துவிடும். இயற்கை வேளாண்மை நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்துபோய் மரத்தடியில் உட்கார்ந்து பேசியபோது கூட்டம் கேட்டதற்குக் காரணம் அவர் வேளாண் பட்டதாரி என்பது மட்டுமில்லை, பேசுவதற்கு முன்னால் விவசாயியைப் பேசவிட்டார். இந்த ஜோடிக்கு உரிய நேரம் ஆடி. விதை வாங்குவதற்கு முன்னால்.

சிக்ரி, அதாவது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய ஆய்வகம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது, அங்கே பேட்டரியில் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நாம் அவர்களைக் கூப்பிடுவதே இல்லை. குன்றக்குடி அடிகளார் அந்தக் காலத்திலேயே கிராமத் திட்டம் என்று ஒன்றை நடத்தி சிக்ரி விஞ்ஞானிகளைக் கிராமத்துக்குள் வரவழைத்துக் காட்டியிருக்கிறார். மாற்று வழி என்ன என்ற கேள்விக்கு இவர்தான் சரியான ஆள். கூரையில் 3 கிலோவாட் சோலார் போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் வரை கிடைக்கிறது, அது நம் ஓட்டுக்கூரைக்குச் சரிப்படுமா, தளத்துக்கு மட்டும்தானா என்று கேட்கப் பத்துப் பேர் தயாராக இருக்கிறார்கள். அப்புறம் கட்டாயம் வரப்போகிற ஒரு கேள்வி, "புகை விட்டது அமெரிக்காக்காரன், நாங்க என்ன பண்ணோம்?" என்பது. நியாயமான கேள்வி. ஒரு இந்தியர் பங்குக்கு வெளியாகிற கரியமில வாயு உலக சராசரியில் பாதிகூட இல்லை. அதை மறைக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே பேசத் தெரிந்தவர் வேண்டும். ஆனால் முதல் கூட்டத்திலேயே இவர் வந்தால், சோலார் கம்பெனி விளம்பரம் என்று ஜனம் நினைத்துவிடும். வெயிலைப் பற்றிப் பேசி முடித்த பிறகு வரட்டும்.

வங்கி, பயிர்க் காப்பீடு என்று பேசுகிறவரையும் ஒருவர் சொன்னார். தேவைதான், ஆனால் அதற்குக் கூட்டம் வேண்டாம், ஒரு மேஜையும் விண்ணப்பப் படிவமும் போதும்.

கடைசியாக, என் மனசுக்கு நெருக்கமானவர், கொத்தனார். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பழைய வீடு புதுப்பிக்கிற வேலைக்குப் போகிற பெரியவர் அவர், வயது எழுபது. இவர் நிபுணரா என்று குழுவில் ஒருவர் கேட்டார். போன ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு என்னை ஒரு பழைய வீட்டுக்குக் கூட்டிப்போனார். முற்றத்தைத் தாண்டி வளவில் நின்று, "செருப்பக் கழட்டுங்க தம்பி" என்றார். ஆத்தங்குடிக் கல் உள்ளங்காலில் சில்லென்று பட்டது. சுவரில் கையை வைக்கச் சொன்னார். சுண்ணாம்பும் கடுக்காயும் கருப்பட்டித் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த பூச்சு, கண்ணாடி மாதிரி வழவழப்பு, அதில் சூடே இல்லை. பிறகு பின்கட்டில் பத்து வருஷம் முன்னால் கட்டிய கான்கிரீட் அறைக்குக் கூட்டிப்போய் அந்தச் சுவரிலும் கை வைக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச வேண்டிய தேவையும் இல்லை.

உயரமான கூரை, வெப்பக் காற்றை மேலே விடுகிற முற்றம், கூரை மழையெல்லாம் முற்றத்தில் விழுந்து அண்டாவில் நிறைந்து மிச்சம் ஊருணிக்குப் போகிற ஏற்பாடு எல்லாவற்றையும் நம் பாட்டன்மார் சேர்த்துத்தான் கட்டினார்கள். யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இலேயே செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தாகிவிட்டது. உலகத்துக் கரியமில வாயுவில் 7, 8 சதவீதம் சிமெண்டால் மட்டும் வருகிறது. சுண்ணாம்பு சுடும்போதும் வாயு வெளியாகத்தான் செய்கிறது, ஆனால் பூச்சு இறுகும்போது அதில் ஒரு பங்கை அதுவே திரும்ப இழுத்துக்கொள்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புப் பூச்சுக்கு இன்று ஆகிற கூலியில் சாதாரணக் குடும்பம் வீடு கட்ட முடியாது, தகரக் கொட்டகையில் இருக்கிறவரிடம் போய் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிப் பேசினால் அது அவரைக் காயப்படுத்தும். மேல் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது, தகரத்துக்கு மேல் கீற்றுப் பரப்புவது, இரண்டு ஜன்னலை எதிரெதிரே வைப்பது என்று எல்லாருக்கும் எட்டுகிறதைச் சொல்லக்கூடிய ஒரு கட்டடப் பொறியாளரும் கூட வந்தால்தான் கொத்தனாரின் அறிவு முழுசாகப் பயன்படும்.

ஆறு பேரையும் ஒரே மேடையில் ஏற்றி, ஆளுக்குப் பத்து நிமிஷம் கொடுத்துவிடலாமே என்கிறார் எங்கள் செயலாளர். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பொன்னாடை, வரவேற்புரை, முன்னிலை, நன்றியுரை என்று பாதி நேரம் போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஆறு பேர் ஆறு விதமாகச் சொன்னால், "இவங்களுக்குள்ளயே ஒத்துப்போகல" என்று ஜனம் எழுந்துவிடும், உண்மையில் ஆறு பேரும் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார்கள். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிறார்கள், பல வருஷமாக. பறவை அவர்கள் கண்மாயில் கண்ணெதிரே குஞ்சு பொரிக்கிறது, அதனால் விட்டுக்கொடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு விஷயம், அது கண்ணெதிரே இருக்கிற விஷயம் என்று வைத்துக்கொண்டால்தான் எங்கள் ஊரிலும் நிற்கும்.

ஆகவே குழுவுக்கு நான் எழுதிக்கொடுத்தது இது. 18,000 ரூபாயை ஒரே கூட்டத்தில் கரைக்க வேண்டாம். பங்குனியில், கத்திரிக்கு முன்னால், டாக்டரம்மா. அவரோடு கொத்தனார், பேச்சாக இல்லாமல், கூட்டத்துக்கு முன்னால் அரை மணி நேரம் ஜனங்களைப் பழைய வீட்டுக்கும் கான்கிரீட் அறைக்கும் கூட்டிப்போக. பொறியாளர் ஒருவர் கிடைத்தால் அந்த அரை மணிக்கு அவரும் கூட நடக்கட்டும். ஆடியில் வேளாண் விஞ்ஞானியும் நீர்ப்பாய்ச்சி அண்ணனும், கண்மாய்க் கரையிலேயே. புரட்டாசியில் வானிலைக்காரர், அன்றைக்கு அந்தச் சிவப்புக் கோட்டையும் கொண்டு வரட்டும், ஏனென்றால் அதற்குள் ஜனங்களிடம் அதைப் பார்த்துக் கேட்கக் கேள்வி இருக்கும். சிக்ரிக்காரர் தைக்கு. போன தடவை வந்த ஆராய்ச்சியாளரிடமும் போனில் பேசினேன், புரட்டாசிக்கு வருவதாகச் சொன்னார், ஊருணியின் பழைய மழைக்கணக்கு ஏதாவது இருந்தால் அனுப்பச் சொல்லிக் கேட்டார். கோயில் கணக்குப் பெட்டியில் கும்பாபிஷேக வருஷங்களில் எழுதிவைத்த குறிப்பு கொஞ்சம் இருக்கிறது, அதைத்தான் இப்போது படியெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பங்குனிக் கூட்டத்துக்கு ஓர் ஏற்பாடு மட்டும் பாக்கி. டாக்டரம்மா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: பேசுவதற்கு முன்னால் அவருக்கு ஒரு பட்டியல் வேண்டுமாம், நம் ஊரில் தனியாக இருக்கிற அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டில் யார் என்று. கீழத்தெருவை நான் எடுத்துக்கொண்டேன், நேற்று வரை பதினோரு வீடு. செம்பை எடுத்துக்கொண்டு போன அந்த அப்பத்தா வீடு ஏழாவது. மேலத்தெருவுக்கும் சிவன் கோயில் தெருவுக்கும் ஆள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊருணிப் படியில் வந்து பெயர் கொடுங்கள்.